இரண்டு மரணங்கள், ஒரு வளாகம்: அண்ணாமலை நகர் மாணவர் போராட்டங்களை நினைவுகூர்வது யார்?

கேள்வி

ஆண்டுதோறும் ஜனவரி பிற்பாதியில், மொழிப்போர் தியாகிகள் நாளையொட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திரன் சிலைக்கு மாலை போடப்படுகிறது. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்றபோது காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் அவர். ஒன்றையொன்று கடுமையாக எதிர்க்கும் கட்சிகளும் அவர் விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. அதே வளாகத்தில் 1971ஆம் ஆண்டு உதயகுமார் என்ற மாணவர் இறந்தார். முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்குவதை எதிர்த்து மாணவர்கள் போராடிய நாட்கள் அவை. அவர் உடல் குளம் ஒன்றில் கிடைத்தது. அவருக்கென்று அரசு விழா எதுவும் இல்லை. இடதுசாரி மாணவர் அமைப்புகளின் கூட்டங்களிலும், தேர்தல் காலத்தில் தி.மு.க.வைச் சாடும் மேடைகளிலும்தான் அவர் பெயர் அவ்வப்போது எழுகிறது.

ஒரே பல்கலைக்கழகம், ஆறே ஆண்டு இடைவெளி, இரண்டு மாணவர் மரணங்கள். ஒன்று தமிழக அரசியலின் பொதுச்சொத்தாகிவிட்டது. மற்றது வாய்வழிச் செய்தியாகவே நின்றுவிட்டது. இதற்கு உடனே கிடைக்கும் விடை ஒன்று உண்டு: 1965இல் போராடியவர்களின் பக்கம் நின்ற கட்சி ஆட்சிக்கு வந்தது, 1971இல் போராட்டம் அந்த ஆட்சிக்கே எதிரானது, எனவே முதலாவது நினைவில் நின்றது, இரண்டாவது மறைக்கப்பட்டது. இந்த விடையில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் மாணவர் அரசியலின் நினைவு எப்படி உருவாகிறது என்பதில் முக்கியமான சில செய்திகள் விடுபட்டுப் போகும். அவற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளாகத்தின் முன்கதை

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து 1929இல் உருவானது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கு அப்பால், மாணவர்கள் தங்கிப் படிக்கும் தனிநகராகவே அது அமைக்கப்பட்டது. மாணவர் அரசியலைப் பொறுத்தவரை இந்த அமைப்பு முக்கியமானது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணாமலை நகரில் விடுதியும் மெஸ்ஸும் நூலகமும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. காலையில் பிறந்த செய்தி இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லா அறைகளையும் எட்டிவிடும். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஈழத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

மொழி அங்கே தொடக்கம் முதலே அரசியலாக இருந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ஈழத்துத் துறவி விபுலாநந்தர். 1940களின் தமிழிசை இயக்கம் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் போன்ற திராவிட இயக்கத் தலைவர்கள் இந்த வளாகத்தில் படித்தவர்கள், கி. வீரமணியும் இங்கேதான் பொருளியல் படித்தார். அண்ணாவின் ‘நிலையும் நினைப்பும்’ என்ற புகழ்பெற்ற சொற்பொழிவு இங்கே நிகழ்த்தப்பட்டது. அதே காலத்தில் பொதுவுடைமை இயக்கத்துக்கும் இது விளைநிலமாக இருந்தது. பின்னாளில் கோவை நாடாளுமன்ற உறுப்பினராகி 1973 விமான விபத்தில் மறைந்த கே. பாலதண்டாயுதம் இந்த வளாகத்து மாணவர் இயக்கத்தில் உருவானவர்.

இந்த இரண்டாவது மரபைப் பொதுநினைவு பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. திராவிட இயக்கத் தலைவர்கள் தன்வரலாறு எழுதினார்கள்; அவற்றில் அண்ணாமலை நகர் பயிற்சிக் களமாக வருகிறது. கம்யூனிஸ்டு மாணவர்கள் சிறைக்கும் தலைமறைவுக்கும் போனார்கள். எழுதியவர்களும் கட்சி வரலாறாகவே எழுதினார்கள், வளாகத்தின் வரலாறாக எழுதவில்லை. எந்தப் போராட்டம் நினைவில் நிற்கும் என்பதைப் போராட்டக்காரர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் ஓரளவு தீர்மானிக்கிறது என்பதற்கு 1965க்கு முந்தைய இந்தக் காலமே சான்று.

1965: எல்லோருக்கும் சொந்தமான மரணம்

அரசமைப்புச் சட்டத்தின்படி 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலம் தொடரலாம் என 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தொடரும் என உறுதி அளிக்கவில்லை. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் வெடித்த மோதல் ஓரிரு நாட்களில் மாநிலம் முழுவதும் பரவியது. சிவலிங்கமும் அரங்கநாதனும் சென்னையில் தீக்குளித்தார்கள். 27ஆம் நாள் அண்ணாமலை நகரிலிருந்து புறப்பட்ட மாணவர்களைக் காவல் துறை தடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் ராஜேந்திரன் இறந்தார். பிப்ரவரி நடுப்பகுதிவரை நீடித்த கொந்தளிப்பில் இறந்தவர்கள் சுமார் 70 பேர் என்பது அரசுக் கணக்கு. பொள்ளாச்சி போன்ற இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை இன்றுவரை ஏற்பதில்லை. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் ஆகிய இரு மத்திய அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார்.

இப்போராட்டம் குறித்த ஆய்வுகள் உடனே தொடங்கிவிட்டன. ராபர்ட் ஹார்ட்கிரேவின் கட்டுரை அதே ஆண்டிலும் டங்கன் ஃபாரெஸ்டரின் கட்டுரை அடுத்த ஆண்டிலும் வந்தன. பின்னர் சுமதி ராமசாமி 1997இல் வெளியிட்ட நூலில், தமிழைத் தாயாகவும் தெய்வமாகவும் கண்ட பற்றின் வரலாற்றுக்குள் வைத்து உயிர்த்தியாகங்களை ஆராய்ந்தார். ஆய்வாளர்களுக்கும் பங்கேற்றவர்களுக்கும் இடையே நெடுநாளாக நடக்கும் விவாதம், போராட்டத்தை நடத்தியது யார் என்பது. காங்கிரஸ் ஆட்சி தி.மு.க.வைக் குற்றஞ்சாட்டியது. தி.மு.க. தலைவர்கள் குடியரசு நாளைத் துக்க நாளாக அறிவித்திருந்தார்கள். ஆனால் அண்ணா உள்ளிட்டோர் ஜனவரி 26க்கு முன்பே கைதாகிவிட்டார்கள். வன்முறை பெருகியபோது கட்சி தன்னை விலக்கிக்கொள்ளவும் முயன்றது. மாணவர் தலைவர்களாக இருந்த பலர், போராட்டக் குழு தன்னிச்சையாகவே இயங்கியது என்று பிற்காலத்தில் வலியுறுத்தினார்கள்.

இந்த வாதத்தில் மாணவர் தலைவர்களின் பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. கட்சி கைவிடச் சொன்ன பிறகும் தெருவில் நின்றவர்களைக் கட்சி இயக்கியது என்பது பொருந்தாது. ஆனால் நினைவின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1967 தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 137ஐ வென்றது. மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். போராட்டத்தின் முகங்களாக இருந்த பலர் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். கட்சிக்கு வெளியே, சில வேளை கட்சியை மீறி நடந்த ஒரு கிளர்ச்சி, கட்சியின் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்றாக மாறியது. பின்னாளில் மொழிக் காவலர்களுக்கு அரசு உதவித்தொகை வந்தது. ஜனவரி 25 நிலையான அரசியல் நிகழ்வாயிற்று.

ராஜேந்திரன் இந்த நினைவில் தனித்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1964இல் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமி தொடங்கி, மொழிப்போர் தியாகிகள் பட்டியலில் பெரும்பாலோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். ராஜேந்திரனைக் கொன்றது அரசின் குண்டு. அது பலர் பார்க்க, பகலில், தெருவில் நடந்தது. இறந்தவர் யார், எங்கே, எதனால் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், 1971இல் இவற்றில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லாமல் போனதுதான்.

1971: ஐயத்துக்குள் தள்ளப்பட்ட மரணம்

1971 மார்ச் தேர்தலில் தி.மு.க. 184 இடங்களைப் பெற்றது. தமிழகத்தில் வேறு எந்தக் கட்சியும் அதுவரை காணாத வெற்றி. அந்த வெற்றியின் சூட்டில் முதலமைச்சருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஆளும் கட்சித் தலைவருக்கு, அவர் பதவியில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் பட்டம் தருவது சரியா என்ற கேள்வியை மாணவர்களில் ஒரு பகுதியினர் எழுப்பினார்கள். போராட்டம் வலுத்தது. காவல் துறை தடியடி நடத்தியது. அதன் பிறகு உதயகுமாரின் உடல் குளத்தில் கிடைத்தது. அந்த உடல் தம் மகனுடையது அல்ல என்று அவர் தந்தை சொன்னதாகச் செய்தி வந்தது. அச்சுறுத்திச் சொல்ல வைத்தார்கள் என்பது மாணவர் தரப்பும் எதிர்க்கட்சிகளும் அன்று முதல் இன்றுவரை வைக்கும் குற்றச்சாட்டு.

இந்த ஒரு திருப்பம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. மாணவர்கள் கேட்டது, தடியடிக்கு உத்தரவிட்டது யார், வளாகத்துக்குள் காவல் துறை எப்படி வந்தது, ஒரு மாணவர் எவ்வாறு இறந்தார் என்பது. பொதுவெளியில் நின்றதோ, இறந்தது உதயகுமார்தானா என்ற கேள்வி. முதல் வகைக் கேள்விக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஒரு தந்தை பதில் சொன்னால் போதும் என்றாகிவிட்டது. ஒரு மரணத்தை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. இறந்தவரின் அடையாளத்தை ஐயத்துக்குள் தள்ளினால் அழுபவர்களின் கால் நிற்க இடமில்லாமல் போய்விடும். இதை யாரேனும் திட்டமிட்டுச் செய்தார்களா, அச்சமே செய்ததா என்பது வேறு. விளைவு ஒன்றுதான்.

ஆட்சி மட்டுமே காரணமா?

ஆட்சியில் இருந்தவர்களுக்கு அந்த மரணம் சங்கடம், எனவே மறைந்தது என்ற விடைக்கு எதிராக ஒரு எளிய உண்மை நிற்கிறது. 1977 முதல் பத்தாண்டுகள் தமிழகத்தை ஆண்டது தி.மு.க.வின் கடும் எதிரி. அதற்குப் பிறகும் ஆட்சி மாறிமாறி வந்தது. 1965இன் நினைவைக் கட்சி வேறுபாடின்றிப் பகிர்ந்துகொண்டவர்கள், 1971இன் நினைவை எதிரிக்கு எதிரான ஆயுதமாக எடுத்துக்கொண்டார்களே தவிர, அந்த மாணவருக்குரிய மரியாதையாக மாற்றவில்லை. ஆக, வேறு காரணங்களும் இருக்க வேண்டும்.

முதலில் கோரிக்கையின் அகலம். இந்தி வந்தால் மத்திய அரசு வேலை போகும் என்ற அச்சம் படித்த குடும்பங்கள் அனைத்துக்கும் பொது. தமிழ் அழியும் என்ற துயரம் படிக்காதவர்களுக்கும் பொது. கௌரவப் பட்டம் யாருக்குத் தரலாம் என்பதோ பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பற்றிய கேள்வி. அது சிறிய கேள்வி அல்ல. 1965இன் கேள்வியைவிட ஒரு வகையில் அடிப்படையானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதற்குக் கிராமத்தில் எதிரொலி கிடைக்காது. வயலில் நின்றவருக்கு அது படித்த பிள்ளைகளின் பிணக்காகத் தோன்றியிருக்கும்.

அடுத்தது, துக்கத்தைத் தூக்கிச் சுமக்க ஒருவர் வேண்டும். இங்கே கேரளத்தின் ராஜன் வழக்கை ஒப்பிட வேண்டியிருக்கிறது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று காவல் துறையால் கொண்டுபோகப்பட்டார். கக்கயம் முகாமில் சித்திரவதைக்கு உள்ளானார். உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவர் அமைச்சர்களின் கதவைத் தட்டினார். நெருக்கடி நிலை முடிந்ததும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அந்த வழக்கின் விளைவாக 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. வாரியர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு மலையாளத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது. மகனுக்காகக் காத்திருக்கும் தந்தையைப் பற்றி ஷாஜி என். கருண் எடுத்த ‘பிறவி’ திரைப்படத்துக்குப் பின்னணியாக இவ்வழக்கையே பார்ப்பவர்கள் பலர்.

கேரளத்தில் உடல் இல்லை, ஆனால் என் மகன் எங்கே என்று கேட்கும் தந்தை இருந்தார். சிதம்பரத்தில் உடல் இருந்தது, என் மகன் என்று சொல்லும் குரல் இல்லை. இந்த வேறுபாட்டை இரு தந்தையரின் மனவலிமை வேறுபாடாகக் காண்பது பெரும் அநீதி. வாரியருக்குப் பேராசிரியர் என்ற சமூக நிலை இருந்தது. அவர் வழக்குத் தொடுத்தபோது தில்லியில் ஆட்சி மாறியிருந்தது. துணைக்கு வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் இருந்தன. இவ்வளவும் இருந்தும் அவருக்கு முழு நீதி கிடைக்கவில்லை. மாபெரும் வெற்றி பெற்ற ஓர் ஆட்சியின் முதல் ஆண்டில், தனியாக நின்ற ஒரு குடும்பத்திடம் அதே துணிவை எதிர்பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. அந்தத் தந்தையைக் கோழை என்பது போல் பேசும் மேடைப் பேச்சுகளைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவரை அந்த இடத்தில் நிறுத்திய சூழல்தான் விசாரணைக்கு உரியது.

குடும்பம் பேச முடியாத இடத்தில் அமைப்பு பேசலாம். இந்திய மாணவர் சங்கம் 1970 டிசம்பரில்தான் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. 1971இல் தமிழகத்தில் அது குழந்தை. இடதுசாரிகள் அப்பெயரைக் கைவிடாமல் காத்தது உண்மை. ஆனால் சிலை வைக்கவும் நாள் குறிக்கவும் தேவையான ஆட்சி வலிமை அவர்களிடம் தமிழகத்தில் என்றும் இருந்ததில்லை. கூட்டணிக் காலங்களில் அந்த நினைவைத் தாழ்ந்த குரலில்தான் சொல்ல முடிந்தது.

நினைவுக் குறிப்புகளில் இல்லாதவர்கள்

1965 பற்றிக் கிடைக்கும் நினைவுக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகிறது. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், தலைவர்களாக இருந்தவர்கள் அல்லது தலைவர்களானவர்கள். ஊர்வலத்தின் முன்வரிசை விரிவாக வருகிறது. பின்வரிசையில் நடந்தவர், பயந்து அறைக்குள் இருந்துவிட்டவர், தேர்வு தள்ளிப்போனதால் படிப்பையே விட்ட ஏழை மாணவர் ஆகியோரைக் காண்பது அரிது. பெண்கள் விடுதியில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதற்கு வாசகனுக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள்தான். இது அண்ணாமலை நகருக்கு மட்டும் உரிய குறையன்று. ஆனால் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகத்தில் போராட்டம் என்பது விடுதி மூடப்படுவது, மெஸ் நிறுத்தப்படுவது, கையில் காசில்லாமல் ஊருக்கு ரயிலேறுவது எல்லாம் சேர்ந்ததுதான். அந்தப் பகுதியைச் சொல்லக்கூடியவர்கள் தலைவர்கள் அல்லர்.

பழைய தலைவர்களின் எழுத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. அவர்கள் தம் மாணவப் பருவத்தைப் போற்றுகிறார்கள். ஆனால் ஆட்சிக்கு வந்த பிறகு வளாகங்களில் மாணவர் அரசியல் தேய்ந்ததை ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. மாணவர் பேரவைத் தேர்தல்களை முறைப்படுத்த லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழகத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் இன்று முறையான பேரவைத் தேர்தலைக் காண்பதே அரிது. 1965ஐக் கொண்டாடும் இரு பெரும் கட்சிகளும் இதில் ஒரே போக்கையே கடைப்பிடித்திருக்கின்றன. கொண்டாட்டம் கூடக்கூட, கொண்டாடப்படும் செயலுக்கு இடம் குறைந்துவருகிறது. இதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

மரணமில்லாத போராட்டம்

பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் தமிழக அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம், மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்காகவே தொடர்ந்தது. நிர்வாகம் அரசுடையது, கட்டணம் தனியாருடையது. இதை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் ஐம்பது நாட்களைக் கடந்தது. நிர்வாகம் கல்லூரியை மூடி விடுதியைக் காலி செய்யச் சொன்ன பின்பும் அவர்கள் கலையவில்லை. 2021இன் தொடக்கத்தில் அரசு அக்கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக்கி, கட்டணத்தையும் குறைத்தது.

இவ்வளவு தெளிவான வெற்றி பெற்ற வளாகப் போராட்டங்கள் அண்ணாமலை நகர் வரலாற்றில் மிகச் சில. அங்கே பெண்களும் ஆண்களும் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். கட்சிக் கொடி முன்னே நிற்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே அது செய்தித்தாள் கோப்பாகிவிட்டது. உயிர் போனால்தான் நினைவு என்ற பழக்கத்தை மொழிப்போர் நினைவேந்தல்கள் நமக்குள் ஆழமாக ஊன்றியிருக்கின்றன. 1971 உயிர் போயும் நிற்கவில்லை, 2021 உயிர் போகாததால் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 1965இன் நினைவு வடிவமே மற்றவற்றுக்கு அளவுகோலாகி, அதற்குள் அடங்காதவற்றை வெளியே தள்ளுகிறது என்று சொல்ல இடமிருக்கிறது.

கௌரவப் பட்டம் பற்றிய சர்ச்சை 2023இல் வேறொரு வடிவில் திரும்பியது. விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் தலைவருமான என். சங்கரய்யாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வழங்க முடிவு செய்த பட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் அளிக்கவில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் மாணவர் இயக்கத்தில் இருந்ததற்காக 1941 பிப்ரவரியில், பட்டத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு கைதாகி, படிப்பை முடிக்காமலே போனவர் அவர். பட்டம் மறுக்கப்பட்ட சில நாட்களில், 102ஆம் வயதில், அந்த நவம்பரிலேயே மறைந்தார். 1971இன் மாணவர்கள் எழுப்பிய கேள்வி, பல்கலைக்கழகத்தின் மரியாதை யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பது. அது சிறுபிள்ளைத்தனமான கேள்வி அல்ல என்பதை, அன்று அதைப் புறந்தள்ளியவர்களும் 2023இல் உணர்ந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது

உதயகுமார் மரணம் குறித்து இன்று நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் மேடைப் பேச்சையும் இணையக் காணொளிகளையும் ஆதாரமாகக் கொள்கின்றன. 1971ஆம் ஆண்டின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. அந்த ஆண்டின் தமிழ், ஆங்கில நாளிதழ்கள் நூலகங்களில் உள்ளன. காவல் துறைக் கோப்புகளும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கத் தக்கவை. இவற்றை ஒன்றோடொன்று வைத்து, நாள்வாரியாக, கட்சிச் சார்பில்லாமல் ஒரு நூல் எழுதப்பட வேண்டும். அதுவரை அந்த மாணவர் ஒரு தரப்புக்கு வசைச்சொல்லாகவும் மறுதரப்புக்கு வதந்தியாகவுமே இருப்பார்.

ஆவணங்கள் காத்திருக்கும். மனிதர்களுக்குத்தான் அவகாசம் இல்லை. அந்த ஆண்டு அண்ணாமலை நகர் விடுதிகளில் தங்கியிருந்த மாணவ மாணவியரும், மெஸ்ஸில் பரிமாறியவர்களும், பட்டமளிப்பு மண்டபத்தில் பணி செய்தவர்களும், பணிக்கு அனுப்பப்பட்ட காவலர்களும் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களில் யாரையும் முறையாக உட்காரவைத்து, தடியடி நடந்த நாளில் என்ன கேட்டீர்கள், மறுநாள் யார் என்ன சொன்னார்கள் என்று விசாரித்துப் பதிவு செய்த தொகுப்பு எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. வாய்மொழி வரலாற்றில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிலேயே இருக்கிறார்கள். வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.